உஷார்! குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு முப்பது நாள்தான் கெடு

உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை இருக்கிறதா? அக்கா மகள், தம்பி மனைவி, பக்கத்து வீட்டுப் பெண் என்று யாருக்காவது ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ பிரசவமாகி, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்களா? கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இதைப் படித்து முடித்த கையோடு அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

“குழந்தைக்கு விழித்திரையைப் பார்த்தாச்சா?”

“கண்ணு நல்லாத்தானே இருக்கு, லைட் போட்டா சிமிட்டுது” என்று பதில் வந்தால் பயப்படுங்கள். “பெரிய டாக்டரே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாரு, இனிமே ஒண்ணும் பயமில்ல” என்று வந்தால் இன்னும் பயப்படுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதால் ஆபத்து தீர்ந்துவிடவில்லை!

குறைமாதக் குழந்தைக்கு வரும் ஒரு நோய் இருக்கிறது. அது வந்தால் காய்ச்சல் அடிக்காது. குழந்தை அழாது. கண் சிவக்காது, பீளை தள்ளாது. பால் குடிக்கும், தூங்கும், எடை கூடும். வீடே நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியான சில வாரங்களுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விடலாம்.

டாக்டர்கள் அதை ஆர்.ஓ.பி. என்பார்கள். முழுப் பெயர் ரெட்டினோபதி ஆஃப் ப்ரீமெச்சூரிட்டி. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. அந்த மூன்றெழுத்தை மட்டும் மனதில் வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்து எங்காவது இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள்.

யாரும் சொல்லவில்லை!

1996-ஆம் ஆண்டு. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில், 29-வது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். ஏறக்குறைய 25 நாள் இன்குபேட்டரில் இருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். குழந்தை பிழைத்தது. அந்தக் காலத்தில் அந்த எடையில் ஒரு பிள்ளை தேறி வருவதே பெரிய காரியம்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு பெற்றோருக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்று. தொற்று வந்துவிடாமல் நாலு சுவருக்குள் சுத்தமாக வைத்துப் பாருங்கள். அவர்கள் அப்படியே பார்த்தார்கள். மறுபரிசோதனைக்கும் காட்டினார்கள். கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

குழந்தைக்கு நாலரை மாதம் ஆனபோது, தடுப்பூசி போட வேறொரு டாக்டரிடம் காட்டினார்கள். அவருக்குத்தான் சந்தேகம் தட்டியது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். அமெரிக்கா வரைக்கும் கொண்டு போனார்கள். பார்வை திரும்பவே இல்லை.

வழக்கு போட்டார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், 2015 ஜூலை 1 அன்று, ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜன் வைத்த குழந்தைக்கு இந்த நோய் வரக்கூடும் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த விஷயம், பரிசோதிக்காமல் விட்டது தவறு என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு வந்த அன்று அந்தப் பெண்ணுக்கு வயது 18. பணம் வந்தது சிகிச்சைச் செலவுக்கு. பார்வைக்கு வழி எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

அந்தப் பெற்றோர் எதிலும் குறை வைக்கவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு இப்போது சொல்லியாகிவிட்டது!

கண்ணுக்குள் நடப்பது என்ன?

விழித்திரைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் தாயின் வயிற்றில் சுமார் 16-வது வாரத்தில் வளர ஆரம்பிக்கின்றன. கண்ணின் பின்பக்க நடுவிலிருந்து மெல்ல மெல்ல ஓரத்துக்குப் பரவுகின்றன. கடைசி ஓரத்தை எட்டும்போது ஏறக்குறைய 40 வாரம், அதாவது பத்து மாதம் நிறைந்திருக்கும்.

28-வது வாரத்திலோ 30-வது வாரத்திலோ குழந்தை வெளியே வந்துவிட்டால் இந்த வேலை பாதியில் நிற்கிறது. வயிற்றுக்குள் இருந்ததைவிட வெளியே ஆக்சிஜன் அதிகம். நுரையீரலுக்காகக் கூடுதலாக ஆக்சிஜன் வைத்தால் அதைவிட அதிகம். அதனால் ரத்தக் குழாய்கள் வளர்வதை நிறுத்திக்கொள்கின்றன. சில வாரம் கழித்து, ரத்தம் எட்டாத விழித்திரை தவிக்க ஆரம்பிக்கிறது. அப்போது புதுக் குழாய்கள் கிளம்புகின்றன. ஆனால் தாறுமாறாக. வழி தப்பி. மெல்லிய சுவரோடு. அவை கசியும், தழும்பாகும், தழும்பு சுருங்கும். சுருங்கும்போது, ஈரம் ஏறிய சுவரிலிருந்து காகிதம் உரிந்து வருவதுபோல விழித்திரை கழன்றுவிடும்.

டாக்டர்கள் இதை ஐந்து நிலையாகப் பிரிக்கிறார்கள். லேசாக வரும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு ஆகாது. எந்தக் குழந்தைக்கு ஆகும், எந்தக் குழந்தைக்கு ஆகாது என்று தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று யாராலும் சொல்ல முடியாது. பெற்ற தாயாலும் முடியாது. குழந்தை டாக்டராலும் முடியாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரித்து, அதற்கென்று உள்ள கருவியால் உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

கண்ணின் கருமணியில் வெள்ளை தெரிகிறதா, பார்வை நிலைகொள்ளாமல் அலைகிறதா, தாய் முகத்தைக் குழந்தை பார்ப்பதே இல்லையா, முஷ்டியால் கண்ணை அழுத்திக்கொண்டே இருக்கிறதா? அன்றே ஓடுங்கள். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்.

அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்!

ஆக்சிஜனோடு சண்டை வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, “என் பிள்ளைக்கு ஆக்சிஜன் வைக்காதீங்க” என்று நர்ஸிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அது இன்னொரு ஆபத்து. அந்தத் தப்பை உலகம் ஒரு முறை செய்து பார்த்துவிட்டது.

1942-இல் பாஸ்டன் நகரத்தில் தியோடர் டெர்ரி என்ற கண் மருத்துவர்தான் இந்த நோயை முதலில் எழுதி வைத்தார். அப்போது குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் விட்டுக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் உலகமெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். ஆறு வாரம் முன்னதாக 1950-இல் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டருக்குப் பார்வை போனதும் இதனால்தான். ஆக்சிஜன்மேல் சந்தேகத்தை 1951-இல் எழுப்பியவர் மெல்போர்ன் நகரத்துக் குழந்தை மருத்துவர் கேட் கேம்ப்பெல். பிறகு வந்த ஆய்வுகளும் அதை உறுதி செய்தன.

உடனே எல்லாரும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். கண் பிழைத்தது. ஆனால் மூச்சுக்குத் தவித்துக் குழந்தைகள் இறந்தன. மூளை பாதித்தவை எத்தனையோ.

ஆக, கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். இப்போது குழந்தையின் காலிலோ கையிலோ ஒரு சென்சாரைக் கட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை ஏறக்குறைய 90-லிருந்து 95 சதவீதத்துக்குள் வைக்கப் பார்க்கிறார்கள். அந்த எண்ணைக் கவனிப்பது டாக்டர் வேலை, நர்ஸ் வேலை. முப்பதாவது நாளைக் கவனிப்பது உங்கள் வேலை.

எந்தக் குழந்தைக்குப் பார்க்க வேண்டும்?

“என் பிள்ளை ஒண்ணே முக்கால் கிலோ இருந்துச்சு, அவ்ளோ சின்னது இல்லையே” என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் ஒன்றரைக் கிலோவும் அதற்குக் கீழும்தான் கணக்கு. இங்கே அது போதாது. நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் கடுமையாக வருகிறது. அதனால் இந்திய விதி கடுமையானது.

எடை 2,000 கிராமுக்குக் கீழே: பார்த்தே ஆக வேண்டும்.

34 வாரத்துக்கு முன் பிறந்தது: பார்த்தே ஆக வேண்டும்.

34-லிருந்து 36 வாரம்: நீண்ட நாள் ஆக்சிஜன் வைத்திருந்தாலோ, மூச்சுத் திணறல், ரத்தத்தில் கிருமி, ரத்தம் ஏற்றியது, அடிக்கடி மூச்சு நின்றது, எடை ஏறவே இல்லை என்று எதுவும் இருந்திருந்தாலோ, பார்க்க வேண்டும்.

இரட்டைக் குழந்தையா? இரண்டுக்கும் தனித்தனியாக. “பெரியவனுக்குப் பார்த்தாச்சு, நல்லா இருக்கு” என்று சின்னவனை விட்டுவிடாதீர்கள்.

எப்போது?

பிறந்து 30 நாளுக்குள். அதற்குமேல் ஒரு நாளும் தள்ளக் கூடாது. மார்ச் 1 அன்று பிறந்த குழந்தையென்றால் மார்ச் 30-க்குள் பார்த்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததோ, 1,200 கிராமுக்குக் கீழானதோ என்றால் அதுவரைக்கும்கூடப் பொறுக்கக் கூடாது. இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

முப்பதாவது நாளிலும் குழந்தை ஆஸ்பத்திரிப் பெட்டியிலேயே இருக்கிறதா? அப்போதும் விடாதீர்கள். கண் டாக்டர் வார்டுக்கே வந்து பார்க்க முடியும். கேளுங்கள். ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்து இன்னொன்றுக்கு மாற்றிய குழந்தையா? இன்னும் கவனம் வேண்டும். இவர்கள் பார்த்திருப்பார்கள் என்று அவர்களும், அவர்கள் பார்ப்பார்கள் என்று இவர்களும் நினைத்துக்கொண்டு நாள் ஓடிவிடும்.

நம் வழக்கமே நம் காலை வாரும்!

இதைத்தான் அடிவயிறு கலங்கச் சொல்கிறேன். கேளுங்கள்.

நம் ஊரில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். குழந்தை பிறந்தது நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகிப் போவது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்துக்கு. சீட்டு மாப்பிள்ளை பையில் இருக்கும், அவர் வேலைக்குத் திரும்பியிருப்பார். எந்தத் தேதிக்கு வரச் சொன்னார்கள் என்பது பச்சை உடம்புக்காரிக்குத் தெரியாது.

அடுத்தது தீட்டு. சில வீட்டில் பதினாறு நாள், சில வீட்டில் முப்பது, சில வீட்டில் நாற்பது. “பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு வாசப்படி தாண்டக் கூடாது, கண்ணு பட்டுடும்” என்பார் பாட்டி. அவர் சொல்வதும் பாசத்தில்தான். தொற்று அண்டாமல் இருக்க அந்த வழக்கம் உதவியும் இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நாள் கழித்துப் போனால் முப்பது நாள் கெடு என்ன ஆகும்? கண் பட்டுவிடும் என்று வீட்டில் வைத்தால் கண்ணே போய்விடும்!

பாட்டியிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். “ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குத் தீட்டு கிடையாது பாட்டி. தடுப்பூசிக்குப் போறோம்ல, அதுமாதிரிதான்.” கேட்பார். பேரப்பிள்ளை விஷயத்தில் பாட்டியைவிடப் பயந்தவர் யார் இருக்கிறார்கள்?

பரிசோதனை நாளன்று

பயப்படாதீர்கள், பெரிய ஆபரேஷன் ஒன்றும் இல்லை. கண்பாப்பாவை விரிக்க முன்கூட்டியே சில முறை சொட்டு மருந்து விடுவார்கள். குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். இமையைத் திறந்து வைத்து, தலையில் மாட்டிய விளக்காலும் ஒரு லென்ஸாலும் உள்ளே பார்ப்பார்கள். சில இடங்களில் கேமராவால் படம் எடுத்துத் தொலைவில் இருக்கும் டாக்டருக்கு அனுப்புவார்கள். பெங்களூரு நாராயண நேத்ராலயா 2008-இல் கர்நாடகக் கிராமப்புறத்துக் குழந்தைகளுக்கு இந்த முறையைக் கொண்டு போனது.

குழந்தை வீறிட்டு அழும். பெற்ற வயிறு கலங்கத்தான் செய்யும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். வாந்தி எடுக்காமல் இருக்க, பால் கொடுப்பதைப் பரிசோதனைக்குச் சற்று முன்னதாகவே முடித்துவிடுங்கள். குளிர் தாக்காமல் தொப்பி, காலுறை, துணி எடுத்துப் போங்கள்.

இங்கேதான் இரண்டாவது பொறி இருக்கிறது.

ஒரு முறை பார்த்தால் முடிந்துவிடாது!

“இப்ப ஒண்ணும் இல்ல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்பார்கள். “ஒண்ணும் இல்ல” என்பது மட்டும் காதில் விழும். இரண்டு வாரம் என்பது காற்றில் போய்விடும். தப்பு! ரத்தக் குழாய் ஓரம்வரை முழுசாக வளர்ந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று கண் டாக்டரே சொல்லும்வரை, ஒரு வாரமோ இரண்டு வாரமோ, சொன்ன தேதியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பஸ் இல்லை, சம்பளம் வரவில்லை, உறவில் கல்யாணம் என்று எதுவும் காரணம் ஆகாது.

“சிகிச்சை தேவை” என்று சொல்லிவிட்டார்களா? அப்போது நாள் கணக்குக்கூட இல்லை, மணிக் கணக்கு. 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். லேசர் கொடுப்பார்கள், அல்லது கண்ணுக்குள் ஊசி மருந்து போடுவார்கள். “ஊருக்குப் போய்ப் பெரியவங்களக் கேட்டுட்டு வர்றோம்” என்று கிளம்பாதீர்கள். பெரியவர்களிடம் போனில் கேளுங்கள். நல்ல நாள் பார்க்காதீர்கள். உரிய நேரத்தில் செய்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். விழித்திரை முழுசாகக் கழன்ற பிறகு ஆபரேஷன் செய்தாலும் நல்ல பார்வை கிடைப்பது அரிது. ஊசி போட்ட குழந்தைக்கு நோய் மறுபடி தலைகாட்டலாம், அதனால் கூடுதல் நாள் காட்ட வேண்டும். பிற்பாடு கண்ணாடி தேவைப்படலாம், மாறுகண் வரலாம். பள்ளிக்கூடம் போகும் வயதிலும் கண் பரிசோதனை தொடரட்டும்.

காசு இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது. அதற்கென்று மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வயது வரைக்கும் நோயுற்ற குழந்தைக்கு இலவசச் சிகிச்சை உரிமை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. மதுரை, கோவையில் அரவிந்த் இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியவில்லையா? 104-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.

மற்ற அபாயச் சங்குகள்

கண்ணின் ஆபத்து மௌனமாக வரும். மற்றவை குரல் கொடுக்கும். ஆனால் குறைமாதக் குழந்தையின் குரல் மிகவும் சின்னது. பெரிய குழந்தைபோல அலறாது. சோர்ந்து போகும், அவ்வளவுதான். “சமத்தா தூங்குது” என்று நினைத்து விட்டுவிடுவோம். இந்தப் பட்டியலைக் கிழித்துப் பீரோ கதவில் ஒட்டுங்கள். இதில் ஒன்று இருந்தாலும், ராத்திரி இரண்டு மணியானாலும், 108-ஐ அழையுங்கள்.

1. பால் குடிப்பதைக் குறைப்பது. நேற்றுவரை குடித்த பிள்ளை இன்று சப்பவே மறுக்கிறதா? இதுதான் முதல் மணி.

2. உடம்பு சில்லிடுவது. உள்ளங்கை, உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள். அக்குளில் 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குறைந்தால் உடனே மார்போடு அணைத்துச் சூடேற்றுங்கள். 35.5-க்குக் கீழே போனால் அவசரம்.

3. காய்ச்சல். 37.5-க்கு மேல். வீட்டு மருந்து வேண்டாம்.

4. வேகமான மூச்சு. குழந்தை அமைதியாக இருக்கும்போது முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்குமேல் என்றால் ஆபத்து. விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூக்கு விடைப்பது, முனகுவது எல்லாம் அதே கணக்கு.

5. மூச்சு நிற்பது. சில நொடி நிறுத்தி மூச்சு விடுவது இந்தக் குழந்தைகளுக்குச் சகஜம். 20 நொடி நின்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ சகஜம் இல்லை. உள்ளங்காலைத் தட்டி உசுப்புங்கள், உடனே கிளம்புங்கள்.

6. உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள். குறைமாதக் குழந்தைக்குக் குறைந்த அளவு மஞ்சள் காமாலையே மூளையைப் பாதிக்கும், காதைச் செவிடாக்கும். காலை வெயிலில் காட்டினால் போகும் என்று காத்திருக்காதீர்கள்.

7. வலிப்பு. கை கால் வெட்டினால்தான் வலிப்பு என்றில்லை. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்பது, வாய் சும்மாவே சப்புக்கொட்டுவது, கால் சைக்கிள் மிதிப்பதுபோல ஓடுவது எல்லாம் வலிப்பாக இருக்கலாம்.

8. வயிறு உப்புவது, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம். குடல் அழுகும் நோயாக இருக்கலாம். ஒரு வேளைகூடப் பொறுக்காதீர்கள்.

9. துவண்டு கிடப்பது. தட்டினால்தான் அசைகிறது என்றால் அது தூக்கம் இல்லை.

10. தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் குழந்தையைத் தனியாகத் துணியில் சுற்றி மடியில் வைக்காதீர்கள். தாயோ தகப்பனோ பாட்டியோ, வெறும் மார்பில் குழந்தையைச் சாய்த்து மேலே போர்த்திக்கொள்ளுங்கள். இதுதான் கங்காரு முறை. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், 1978-இல், இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. 1,000-லிருந்து 1,799 கிராம்வரை எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இந்த முறையைத் தொடங்கியதில் முதல் 28 நாளில் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வீட்டிலும் தினமும் செய்யுங்கள், முடிந்தவரை நீண்ட நேரம்.

இதெல்லாம் செய்யவே செய்யாதீர்கள்!

சாம்பிராணிப் புகை காட்டாதீர்கள். அந்த நுரையீரல் இன்னும் பிஞ்சு. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், வசம்பு, உரை மருந்து எதுவும் வேண்டாம். தாய்ப்பால் மட்டும். சப்ப முடியாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்புங்கள். கண்ணுக்கு மை போடாதீர்கள். குழந்தையை மல்லாந்தே தூங்க வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் முத்தம் கொடுக்க வேண்டாம். இருமல், சளி இருக்கிறவர் சொந்த மாமாவே ஆனாலும் பக்கத்தில் வரக் கூடாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

“ஏழாம் மாசப் புள்ள தங்கும், எட்டாம் மாசப் புள்ள தங்காது” என்று சொல்லுவார்கள். நம்பாதீர்கள். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். அதனால் கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை. மாதம் நிறையுமுன் வலி எடுத்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு படுக்காதீர்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்விடுங்கள். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் கொண்டு போவதைவிட அது பல மடங்கு பத்திரம். குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்தத் தாய்க்கே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது வேலை செய்ய நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தாமதத்தில் தொலைத்துவிடாதீர்கள்.

கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்!

டிஸ்சார்ஜ் அன்று ஆயிரம் பரபரப்பு இருக்கும். ஆட்டோ காத்திருக்கும். இருக்கட்டும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் இந்த ஐந்தையும் கேட்டுவிட்டுத்தான் படி இறங்க வேண்டும்.

எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, என்ன எடை, எத்தனை நாள் ஆக்சிஜன்? சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

விழித்திரை பார்த்தாயிற்றா? பார்த்திருந்தால் அடுத்த தேதி என்ன? பார்க்கவில்லை என்றால் எந்தத் தேதிக்குள், எந்த ஆஸ்பத்திரியில், எந்த டாக்டரிடம்?

காது பரிசோதனை எப்போது? ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை நடந்துவிட வேண்டும். காது கேட்காததும் வெளியே தெரியாத குறைதான்.

தினமும் எத்தனை கிராம் எடை கூட வேண்டும், எப்போது வந்து எடை பார்க்க வேண்டும்?

தடுப்பூசித் தேதிகள் எவை? குறைமாதம் என்று தள்ளிப் போடக் கூடாது, பிறந்த தேதியிலிருந்தே கணக்கு. கழுத்து நிற்பது, தவழ்வது, நடப்பது மட்டும் எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்த பிறகும் தாமதம் தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள்.

பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். சீட்டைப் போனில் படம் பிடித்து மாப்பிள்ளைக்கும், பெண்ணின் அப்பா அம்மாவுக்கும், சித்தப்பாவுக்கும் அனுப்புங்கள். காலண்டரில் முப்பதாவது நாளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே கண் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள், வண்டிக்குச் சொல்லுங்கள், யார் கூட வருவது என்று முடிவு பண்ணுங்கள்.

முப்பது நாள் ஏற்கெனவே தாண்டிவிட்டதா? ஐயோ என்று தலையில் கை வைத்து உட்காராதீர்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே கிளம்புங்கள். 35-வது நாளில் போனாலும் 45-வது நாளில் போனாலும், போகாமல் இருப்பதைவிட நல்லது. இன்னும் காப்பாற்ற வாய்ப்பு இருக்கலாம், அதைச் சொல்ல வேண்டியவர் கண் டாக்டர்.

உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தையே இல்லையா? முதலில் சொன்ன அந்தப் போனை எடுங்கள். தெரிந்த வீட்டுக்கெல்லாம் சொல்லுங்கள். குறைமாதம், பெட்டி, ஆக்சிஜன் என்று எங்கே காதில் விழுந்தாலும், வாழ்த்துச் சொல்லுமுன் தேதியைக் கேளுங்கள். 30 நாள். விழித்திரை. எழுத்தில் தேதி. விட்டுவிடாதீர்கள்!